‘பாக்’ என்று எழுதியிருந்தால் யார், எது? ஒரு ஜெர்மன் குடும்பப்பெயரைப் படிக்கும் முறை

2025 நவம்பர் 17 அன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில், தோமஸ் தேவாலயத்தில், டச்சு ஆர்கன் கலைஞர் டோன் கூப்மன் இரண்டு ஆர்கன் படைப்புகளை வாசித்தார். இரண்டும் ‘சக்கோன்’ வகையைச் சேர்ந்தவை. கீழ்க்குரலில் ஒரு சிறு சுர வரிசை திரும்பத் திரும்ப வர, அதன்மேல் புதுப்புது மாறுபாடுகளைக் கட்டுவது சக்கோன். இவை யோஹான் செபாஸ்டியன் பாக்கின் இளமைக்காலப் படைப்புகள் என்று லைப்சிக் பாக் காப்பகத்தின் இயக்குநர் பீட்டர் வோல்னி அறிவித்தார். அவர் இந்தப் பிரதிகளை 1992இல் புருஸ்ஸல்ஸ் நூலகத்தில் கண்டவர். பிரதிகளில் இயற்றியவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. எழுதியவரின் கையெழுத்து யாருடையது என்று உறுதிப்படவே பல ஆண்டுகள் ஆயின. இப்போது அவற்றுக்கு பி.டபிள்யூ.வி. 1178, 1179 என்ற எண்கள் கிடைத்திருக்கின்றன.

பெயரே இல்லாத தாள் எப்படி ‘பாக்’ ஆனது? அந்த எண் எதைக் குறிக்கிறது? பாக் என்று பலர் இருந்தார்களாமே, இது எந்த பாக்? இப்படிக் கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் மேற்கத்தியச் செவ்விசையில் ‘பாக்’ என்ற குடும்பப்பெயர் மூன்று வேலைகளைச் செய்கிறது. அது ஓர் ஆளைச் சுட்டும். ஒரு வம்சத்தைச் சுட்டும். நான்கு சுரங்கள் கொண்ட ஒரு குறிப்பிட்ட தொடரையும் சுட்டும். மூன்றையும் சரிபார்க்கும் வழிகள் வேறுவேறு. அவற்றைக் கலந்துகொள்வதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன.

பொருளும் உச்சரிப்பும்

ஜெர்மனில் ‘பாக்’ என்றால் ஓடை, சிற்றாறு. ஓடைக்கரையில் குடியிருந்தவர்களுக்கும், ஓடையின் பெயர் கொண்ட ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் இப்படிப் பெயர் அமைவது அங்கே சாதாரணம். ‘-பாக்’ என்று முடியும் ஊர்கள் ஏராளம். இசையமைப்பாளர் ழாக் ஒஃபன்பாக்கின் தந்தை ஒஃபன்பாக் ஆம் மைன் என்ற ஊரிலிருந்து வந்தவர், ஊர்ப்பெயரே குடும்பப்பெயராகிவிட்டது. அவருக்கும் பாக் குடும்பத்துக்கும் உறவு கிடையாது.

ஓடை என்ற பொருளை வைத்துச் சொல்லப்பட்ட பாராட்டுகள் பல. ‘அவரை ஓடை என்பதா, கடல் என்றல்லவா அழைக்க வேண்டும்’ என்று பீத்தோவன் சொன்னதாக ஒரு கூற்று நெடுங்காலமாகச் சுற்றிவருகிறது. கேட்க அழகாக இருந்தாலும், இசைக்குள் இந்தப் பொருள் எந்த வேலையும் செய்வதில்லை. வேலை செய்வது எழுத்துகள். அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

உச்சரிப்பில் இரண்டு செய்திகள் போதும். ஜெர்மனில் உயிரொலி குறில், நீட்டக்கூடாது. கடைசி மெய்யும் வல்லின ‘க்’ இல்லை. அடித்தொண்டையில் காற்று உரசி வரும் ஒலி. ‘எஃகு’ என்று நிதானமாகச் சொல்லும்போது ஆய்தத்தில் கேட்கும் உரசல் அதற்கு நெருக்கம். தமிழில் ‘பாக்’ என்ற எழுத்து நிலைத்துவிட்டதால் இங்கும் அதையே வைத்துக்கொள்கிறேன். ‘பாஹ்’, ‘பாச்’ என்றும் எழுதுகிறார்கள். இதில் ‘பாச்’ மட்டும் தவறு: ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கண்ணால் பார்த்து எழுதியதே தவிர, எந்த மொழியிலும் அந்தப் பெயர் அப்படி ஒலிப்பதில்லை.

ஒரு பெயர், ஒரு வம்சம்

யோஹான் செபாஸ்டியன் 1735இல் தன் குடும்ப இசைக்காரர்களின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். அதில் 53 பேர். தொடக்கத்தில் நிற்பவர் ஃபைட் பாக், ரொட்டி சுடுபவர். லூதர் வழியைப் பின்பற்றியதால் ஹங்கேரியை விட்டு வெளியேறி, ஜெர்மனியின் துரிங்கியப் பகுதியில் வெக்மார் என்ற ஊரில் குடியேறினார். மாவரைக்கும் ஆலைக்குத் தன் தந்தி வாத்தியத்தையும் எடுத்துப்போய், ஆலை ஓடும்போது வாசிப்பாராம். அவருக்குப் பின் தலைமுறை தலைமுறையாக நகர வாத்தியக்காரர்களும் ஆர்கன் கலைஞர்களும் வந்தார்கள். எர்ஃபுர்ட் நகரில் நகரவை இசைக்குழுவில் ஒரு பாக்கும் இல்லாமற்போன பிறகும், அந்தக் குழுவினரை மக்கள் ‘பாக்குகள்’ என்றே அழைத்துவந்தார்கள். குடும்பப்பெயர் தொழிற்பெயராகிவிட்ட நிலை அது.

குழப்பத்தின் வேர் இங்கேதான். ஒரே முதல்பெயர்களைத் திரும்பத் திரும்ப வைத்த குடும்பம் அது. யோஹான் கிறிஸ்டோஃப் பாக் என்ற பெயரில் மட்டும் செபாஸ்டியனைச் சுற்றி மூன்று பேர்:

1. தந்தையின் ஒன்றுவிட்ட சகோதரர் (1642–1703). ஐசனாக் நகர ஆர்கன் கலைஞர், மிக நல்ல இசையமைப்பாளர்.
2. தந்தை யோஹான் அம்ப்ரோசியஸின் இரட்டைப்பிறவி (1645–1693).
3. செபாஸ்டியனின் அண்ணன் (1671–1721). பத்து வயதில் பெற்றோரை இழந்த தம்பியை ஓர்ட்ரூஃபில் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர்.

செபாஸ்டியனின் முதல் மனைவி மரியா பார்பராவும் பிறப்பிலேயே பாக், தூரத்து உறவுக்காரர்.

செபாஸ்டியனுக்கு (1685–1750) இருபது பிள்ளைகள்; வளர்ந்து ஆளானவர்கள் பத்துப் பேர். இசையமைப்பாளர்களாகப் புகழ்பெற்ற மகன்கள் நால்வர். அவர்களைப் பிரித்தறிய அக்காலத்தார் ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொன்னார்கள். வில்ஹெல்ம் ஃப்ரீடெமன் (1710–1784) ஹாலே பாக். கார்ல் ஃபிலிப் எமானுவேல் (1714–1788) முதலில் பெர்லின் பாக், 1768க்குப் பிறகு ஹாம்புர்க் பாக். யோஹான் கிறிஸ்டோஃப் ஃப்ரீட்ரிக் (1732–1795) பியூக்கெபுர்க் பாக். கடைக்குட்டி யோஹான் கிறிஸ்டியன் (1735–1782) மிலான் பாக், பிறகு லண்டன் பாக்.

முதல்பெயர் இல்லாமல் ‘பாக்’ என்று மட்டும் இருந்தால்? இன்றைய எழுத்தில் என்றால் அது செபாஸ்டியன். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) தொகுப்பில் ஒரு படைப்பின் தலைப்பில் வரும் பாக்கும் அவர்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆவணம் என்றால் இந்த விதி செல்லாது. லண்டன் பத்திரிகையில் ‘மிஸ்டர் பாக்’ என்றால் கிறிஸ்டியன். வட ஜெர்மனியில் ‘பெரிய பாக்’ என்றால் பெரும்பாலும் எமானுவேல். மோட்சார்ட் 1782 ஏப்ரல் 10 அன்று தந்தைக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். தான் சேகரித்துவரும் பாக் ஃபியூக்குகளை (பல குரல்கள் ஒன்றையொன்று பின்தொடரும் இசை வடிவம்) பற்றிச் சொல்லும்போது செபாஸ்டியன், எமானுவேல், ஃப்ரீடெமன் என்று மூன்று முதல்பெயர்களையும் எழுதுகிறார். அதே கடிதத்தில் ‘ஆங்கில பாக்’ இறந்துவிட்டதையும் வருந்திக் குறிப்பிடுகிறார். ஒரே கடிதத்தில் நான்கு பாக்குகள். முதல்பெயரோ அடைமொழியோ இல்லாமல் எழுத அவராலேயே முடியவில்லை.

நிலைமை மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1802இல் ஃபோர்க்கெல் எழுதிய செபாஸ்டியன் வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் இருபது வயது மெண்டல்சன் செபாஸ்டியனின் ‘மத்தேயு பாடுகள்’ படைப்பை நடத்திக்காட்டினார். 1850இல் அவருடைய முழுப் படைப்புகளையும் பதிப்பிக்க ஒரு சங்கம் தொடங்கியது. இவற்றுக்குப் பிறகே பெயர் ஒருவருக்கு உரியதாகியது. எமானுவேலுக்கும் கிறிஸ்டியனுக்கும் இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். மோட்சார்ட்டின் இளமைக்கால இசையில் கேட்கும் சரளமான ஓட்டத்தில் கிறிஸ்டியனுக்கு நேரடிப் பங்கு உண்டு. ஆனால் நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரைப் பார்ப்பவர்கள் ‘அந்த பாக் இல்லையா’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

எந்த பாக் என்று கண்டறியும் வழி

நோட்டுப் புத்தகம், ஒலிப்பதிவு, நிகழ்ச்சி நிரல் எதுவாக இருந்தாலும் இந்த வரிசையில் பாருங்கள்.

1. முதல்பெயர் முழுதாக இருக்கிறதா? ‘ஜே.சி. பாக்’ போதாது, கிறிஸ்டியனுக்கும் கிறிஸ்டோஃப்களுக்கும் முதலெழுத்துகள் ஒன்றே. பிறப்பு, இறப்பு ஆண்டுகளோடு ஒப்பிட்டால்தான் தீரும்.

2. அட்டவணை எழுத்து எது? பி.டபிள்யூ.வி. என்றால் 1950இல் வொல்ஃப்காங் ஷ்மீடர் வெளியிட்ட செபாஸ்டியன் படைப்பு அட்டவணை. அதன் மூன்றாம் பதிப்பு 2022இல் வந்தது. எமானுவேலுக்கு ‘டபிள்யூ.கியூ.’ (வோட்கென், 1905) அல்லது ‘எச்.’ (ஹெல்ம், 1989). ஃப்ரீடெமனுக்கு ‘எஃப்.கே.’ (ஃபால்க், 1913). கிறிஸ்டியனுக்கு ‘வார்ப்.’ (வார்பர்ட்டன்). எழுத்து மாறினால் ஆளே மாறுகிறார்.

3. பி.டபிள்யூ.வி. எண்ணை வைத்து வயதைக் கணிக்காதீர்கள். அது கால வரிசை கிடையாது, வகை வரிசை: தேவாலயப் பாடல்கள் முதலில், கருவியிசை பின்னால். எண் 1 உடைய பாடல் 1725இல் எழுதப்பட்டது. எண் 4 அதைவிட ஏறத்தாழ பதினெட்டு ஆண்டு மூத்தது. 1178, 1179 என்ற எண்களும் முதிய வயதைக் காட்டவில்லை. புதிதாகச் சேர்க்கப்பட்டவை வரிசையின் கடைசியில் போய் நிற்கின்றன, அவ்வளவுதான்.

4. எண்ணுக்கு முன் ‘அன்ஹாங்’ என்றோ அதன் சுருக்கமோ இருக்கிறதா? பிற்சேர்க்கை என்று பொருள். ஐயத்துக்குரியவையும் பிறருடையவை என்று தெரிந்தவையும் அங்கே போகின்றன. பியானோ கற்பவர்கள் எல்லோரும் வாசிக்கும் ஜி மேஜர் மினுவெட் அன்ஹாங் 114. அது செபாஸ்டியனின் இரண்டாம் மனைவி அன்னா மக்டலேனாவின் 1725ஆம் ஆண்டு நோட்டில் இருந்ததால் பாக் பெயரைப் பெற்றது. இயற்றியவர் கிறிஸ்டியன் பெட்சோல்ட். இன்றும் பல பாடப்புத்தகங்கள் பாக் என்றே அச்சிடுகின்றன.

அட்டவணையில் எண் இருப்பதே சான்று என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. எண் 15 பல காலம் செபாஸ்டியனின் மிக இளம்வயதுப் படைப்பாகக் கருதப்பட்டது. அது மைனிங்கன் நகரில் இருந்த உறவினர் யோஹான் லுட்விக் பாக் எழுதியது. செபாஸ்டியன் 1726இல் லுட்விக்கின் பதினெட்டுப் பாடல்களைப் பிரதியெடுத்து லைப்சிக்கில் நடத்தினார். கையெழுத்து செபாஸ்டியனுடையது, குடும்பப்பெயர் பாக், ஊர் லைப்சிக். இத்தனையும் பொருந்தினால் தவறு நேராமல் இருக்குமா?

பிள்ளை செய்த குளறுபடியும் உண்டு. விவால்டியின் ஒரு கான்செர்ட்டோவை (தனிக் கருவிகளும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) செபாஸ்டியன் ஆர்கனுக்கு மாற்றி எழுதினார் (எண் 596). அந்தத் தாளின்மேல் ஃப்ரீடெமன் பிற்காலத்தில் ‘ஃப்ரீடெமன் பாக் இயற்றியது, என் தந்தையின் கையால் பிரதியெடுக்கப்பட்டது’ என்ற பொருளில் எழுதிவைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகம் அதை நம்பியது. ஆகவே தாளில் பெயர் இல்லாவிட்டாலும் படைப்பு பாக்குடையதாக இருக்கலாம். பெயர் இருந்தாலும் பொய்யாக இருக்கலாம். அறிஞர்கள் தாளின் நீர்க்குறி, மை, பிரதியெடுத்தவரின் கையெழுத்துப் பழக்கம், இசைநடை என்று நான்கையும் சேர்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

நான்கு எழுத்து, நான்கு சுரம்

இனி மூன்றாவது பயன்பாடு. இதைப் புரிந்துகொள்ள ஜெர்மன் சுரப்பெயர்களின் ஒரு விசித்திரத்தை அறிய வேண்டும்.

ஆங்கில முறையில் சுரங்களுக்கு ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்து. ஜெர்மனில் எட்டு, ‘எச்’ எழுத்தும் உண்டு, அவர்கள் அதை ‘ஹா’ என்பார்கள். காரணம் இடைக்காலத்துப் பாடகர்களிடம் இருக்கிறது. அவர்கள் ‘பி’ சுரத்தை இரு நிலைகளில் பாடினார்கள். தாழ்ந்த நிலையை வட்ட வடிவ ‘பி’ எழுத்தாலும், அரைச்சுரம் உயர்ந்த நிலையைச் சதுர வடிவ ‘பி’ எழுத்தாலும் எழுதினார்கள். வட்ட வடிவம்தான் இன்றைய ஃப்ளாட் குறி ஆனது. சதுர வடிவம் ஜெர்மன் எழுத்தில் ‘எச்’ போலத் தெரிந்தது. அகர வரிசையில் ‘ஜி’க்கு அடுத்த எழுத்தும் அதுவே. அப்படியே நிலைத்துவிட்டது. அரைச்சுரம் என்பது ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதற்கு அடுத்த கட்டைக்கும், கறுப்போ வெள்ளையோ, உள்ள தூரம்.

இதன்படி பெயரை வாசித்தால்:

- பே (ஜெர்மன் ‘பி’): ஆங்கிலத்தில் பி ஃப்ளாட். நம் பேச்சில் ஆறரைக் கட்டை.
- ஆ: ஏ. ஆறு கட்டை.
- த்சே: சி. மேல் ஒரு கட்டை.
- ஹா: ஆங்கிலத்தில் பி. ஏழு கட்டை.

ஒரு கட்டையைச் சட்ஜமாக வைத்தால் கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், மேல் சட்ஜம், காகலி நிஷாதம்: நி2 த2 ச நி3. ஹார்மோனியத்தில் இப்போதே வாசித்துப் பார்க்கலாம். பாட்டின் எழுத்தும் சுரத்தின் எழுத்தும் ஒன்றாக விழும் ஸ்வராட்சரத்தை நாம் அறிவோம். இங்கே ஒரு மனிதரின் பெயர் முழுவதுமே அப்படி விழுகிறது.

ஆங்கில முறையில் படித்தவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. முதல் எழுத்தை ஏழு கட்டையில் வாசித்துவிட்டு, கடைசி எழுத்துக்குச் சுரம் இல்லையே என்று நிற்பார்கள். இதே தவறு நோட்டு வாங்கும்போதும் நடக்கிறது. ஜெர்மன் பதிப்பில் ‘ஹா-மோல்’ என்றால் பி மைனர். செபாஸ்டியனின் பெரிய மாஸ் என்ற வழிபாட்டு இசை (எண் 232) அதில்தான் உள்ளது. ‘பே-தூர்’ என்றால் பி ஃப்ளாட் மேஜர். ஆறாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ (எண் 1051) அந்தச் சுருதி. இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு உடன்வாசிக்கும் கருவியைத் தயார் செய்தால் ஒத்திகை முதல் சுரத்திலேயே நின்றுவிடும். எமானுவேல் அட்டவணையின் ‘எச்.’ எழுத்துக்கும் இந்தச் சுரத்துக்கும் தொடர்பில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாப் பெயரும் இப்படி அமையாது. ஹாண்டல் பெயரில் ‘என்’, ‘எல்’ எழுத்துகளுக்குச் சுரமில்லை. டென்மார்க் இசையமைப்பாளர் காதெ பெயர் அமையும். ஷூமன் அதைப் பயன்படுத்தினார். ஈ ஃப்ளாட் சுரத்தை ஜெர்மனில் ‘எஸ்’ என்று சொல்வதால் ‘எஸ்’ எழுத்தும் கிடைக்கிறது. ஷொஸ்டகோவிச் தன் பெயரின் ஜெர்மன் எழுத்துக்கூட்டலிலிருந்து டி, எஸ், சி, எச் என்ற கையெழுத்தை அமைத்துக்கொண்டது அதனால்தான். பிரான்சில் மீதி எழுத்துகளையும் சுரங்களுக்கு வரிசையாகப் பங்கிடும் செயற்கை முறை ஒன்று இருந்தது. ரவேல் 1909இல் ஹைடன் பெயருக்கு அதைக் கையாண்டார். பாக் பெயருக்கு அப்படி எந்தச் சலுகையும் தேவைப்படவில்லை.

இந்த இயல்பை முதலில் கவனித்தவர்கள் குடும்பத்தார்தான். யோஹான் கோட்ஃப்ரீட் வால்டர் 1732இல் வெளியிட்ட இசை அகராதியில், இந்தப் பெயரின் எழுத்துகளே வரிசைப்படி இனிய இசையாக அமைகின்றன என்றும், இதைக் கண்டவர் லைப்சிக் பாக் (அதாவது செபாஸ்டியன்) என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தத் தொடருக்குள் என்ன இருக்கிறது

அரைச்சுரக் கணக்கில் அசைவைப் பார்ப்போம்: ஒன்று இறக்கம், மூன்று ஏற்றம், ஒன்று இறக்கம். நான்கு சுரங்களும் வீணையில் அடுத்தடுத்த நான்கு மெட்டுகள். இடைவெளியே இல்லாத கொத்து. ஆனால் வரிசையாக ஏறாமல் தாண்டித் திரும்புகிறது. இதிலிருந்து மூன்று விளைவுகள்.

முதலாவது, எந்த மேஜர், மைனர் அளவுகோலுக்குள்ளும் இது முழுதாக அடங்காது. அந்த ஏழு சுர அளவுகோல்களில் இப்படி நான்கு சுரம் நெருங்கி நிற்க இடமில்லை. ஆகவே இந்தத் தொடர் வந்த கணமே இசை தன் இருப்பிடத்தை விட்டு நகர்ந்தாக வேண்டும். ஃபியூக் எழுதுபவருக்கு இது ஒரே நேரத்தில் சிக்கலும் செல்வமும்.

இரண்டாவது, தொடரைக் கடைசியிலிருந்து வாசித்தாலும், ஏற்றத்தை இறக்கமாக்கித் தலைகீழாக வாசித்தாலும் ஒரே வடிவம் வருகிறது: ஒன்று ஏற்றம், மூன்று இறக்கம், ஒன்று ஏற்றம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் பழைய வடிவத்துக்கே வந்துவிடுகிறது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் வெபர்ன், தன் படைப்பு வரிசையில் 28ஆம் எண் பெற்ற நால்வர் தந்தியிசையில் (1936–38) இதை முழுவதுமாகப் பயன்படுத்திக்கொண்டார். பன்னிரண்டு சுரங்களையும் மும்மூன்று கூறாக இல்லாமல் நந்நான்காகப் பிரித்து, முதல் நான்கை பாக் வடிவமாகவும், அடுத்த நான்கைத் தலைகீழாகவும், கடைசி நான்கை மீண்டும் நேராகவும் அமைத்தார். கேட்பவர் காதுக்குப் பெயர் தெரியாது. கட்டுமானம் முழுவதும் அந்தப் பெயர்தான்.

மூன்றாவது, கடைசிச் சுரத்தில் தொடர் ஓய்வதில்லை. ஏழு கட்டையில் நிற்கும்போது காது மேலும் எதிர்பார்க்கிறது. ஏதாவது ஒரு வழியில் முடித்துவைக்க வேண்டிய பொறுப்பு இசையமைப்பாளருக்கு வந்துவிடுகிறது.

செபாஸ்டியன் முடித்த வழியை ‘ஃபியூக் கலை’ (எண் 1080) காட்டுகிறது. ஃபியூக் என்பது ஒரு குரல் தொடங்கிய கருப்பொருளை மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றையொன்று பின்தொடரும் வடிவம். இந்தத் தொகுப்பின் கடைசி ஃபியூக்கில் மூன்று கருப்பொருள்கள் அடுத்தடுத்து அறிமுகமாகின்றன. மூன்றாவது 193ஆம் தாளக்கூறில் நுழைகிறது: பே, ஆ, த்சே, ஹா, உடனே சி ஷார்ப், டி. அந்த இரண்டு சுரங்கள்தான் தீர்வு. படைப்பு முழுவதும் டி மைனரில் இருப்பதால், தத்தளித்து நின்ற பெயர் ‘டி’ சுரத்தில் வந்து இறங்குகிறது. கையெழுத்துப் பிரதி 239ஆம் தாளக்கூறில் நின்றுபோகிறது. இதை எழுதும்போது, பெயர் நுழைந்த இடத்தில், ஆசிரியர் இறந்தார் என்று எமானுவேல் ஓரத்தில் குறித்துவைத்தார். அந்தக் குறிப்பை அப்படியே ஏற்பது கடினம். பிரதியிலுள்ள கையெழுத்து 1748–49 காலத்தது என்று ஆராய்ச்சி காட்டுகிறது; மரணம் 1750 ஜூலை 28. 1881இல் குஸ்தாவ் நொட்டெபோம் ஒன்றைக் கண்டார்: தொகுப்பின் தொடக்கக் கருப்பொருள் இந்த மூன்றோடும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்படி பொருந்துகிறது. நான்காம் கருப்பொருளும் சேர்ந்து முடிய வேண்டிய ஃபியூக் அது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை என்பது என் கருத்து.

பிறகு வந்தவர்கள் இந்த நான்கு சுரங்களை வணக்கமாகவும் தேர்வாகவும் எடுத்துக்கொண்டார்கள். பீத்தோவன் இதன்மேல் ஒரு முன்னிசை எழுதக் குறிப்புகள் எடுத்து, முடிக்காமல் விட்டார். ஷூமன் 1845இல் ஆறு ஃபியூக்குகள் (60ஆம் எண்) எழுதினார். லிஸ்ட் 1855இல் எழுதி 1870இல் திருத்திய ஆர்கன் படைப்பு, கால்கட்டைகளில் இந்தப் பெயரோடுதான் தொடங்குகிறது. முதன்முறை கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ரேகர் 1900இல் அதை இன்னும் அடர்த்தியாக்கினார். ஷோன்பெர்க்கின் இசைக்குழு மாறுபாடுகள் (31ஆம் எண், 1928), பூலங்கும் ஹோனெகரும் 1932இல் எழுதிய சிறு படைப்புகள், ஆர்வோ பேர்ட்டின் 1964ஆம் ஆண்டு ‘கொலாஜ்’ என்று வரிசை நீள்கிறது.

தற்செயலா, பெயரா?

அரைச்சுரங்கள் நிறைந்த இசையில் இந்த அசைவு தானாகவும் வரும். கண்டவுடன் ‘பெயர் ஒளிந்திருக்கிறது’ என்று சொல்லாமல் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

1. சரியான சுரத்தில் தொடங்குகிறதா? ஆறரைக் கட்டையில் தொடங்கினால்தான் எழுத்து பொருந்தும். வேறிடத்தில் தொடங்கினால் அது வடிவம் மட்டுமே.
2. ஒரே குரலில் தொடர்ந்து வருகிறதா? இரண்டு குரல்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது கணக்கில் வராது.
3. நீண்ட சுரங்களாகவோ, திரும்பத் திரும்பவோ, தொடக்கம் அல்லது முடிவு போன்ற இடத்திலோ வெளிப்படையாக நிற்கிறதா?
4. தலைப்பு, கடிதம், குறிப்பு என்று எழுத்துச் சான்று உண்டா?

முதல் இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடலாம். ஷொஸ்டகோவிச்சின் தொடரோடு குழப்பிக்கொள்வதும் சகஜம். இரண்டும் த்சே, ஹா என்றே முடிகின்றன. முதல் அசைவைக் கேளுங்கள்: பாக் இறங்கித் தொடங்கும், ஷொஸ்டகோவிச் ஏறித் தொடங்கும்.

எழுத்துகளை எண்ணாக்கும் வழக்கமும் இந்தப் பெயரைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. அகரவரிசைப்படி 2, 1, 3, 8, கூட்டினால் 14. ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒரே எழுத்தாக எண்ணப்பட்ட பழைய முறையில் ‘ஜே’ 9, ‘எஸ்’ 18. சேர்த்தால் 41, பதினான்கின் திருப்பம். 1947இல் ஃப்ரீட்ரிக் ஸ்மெண்ட் இதைப் பரப்பிய பிறகு பதினான்கைத் தேடுவது பலருக்கு ஒரு துறையாகவே ஆனது. 1974இல் ஸ்ட்ராஸ்புர்கில் கோல்ட்பெர்க் மாறுபாடுகளின் சொந்தப் பிரதியில் செபாஸ்டியன் கைப்பட எழுதிய கேனன்கள் (ஒரு குரலை இன்னொரு குரல் அப்படியே பின்பற்றும் துண்டுகள்) கிடைத்தன, அவையும் பதினான்கு. அந்த உதாரணம் கவனத்துக்கு உரியது. ஆனால் அக்காலத்தில் எழுத்துக்கு எண் தரும் முறைகள் பல இருந்தன. சுரங்களை எண்ணுவதா, தாளக்கூறுகளையா, நுழைவுகளையா என்பதையும் தேடுபவரே முடிவு செய்கிறார். இத்தனை சுதந்திரம் இருந்தால் எந்தப் படைப்பிலும் பதினான்கு கிடைக்கும். நான்கு சுரங்களுக்கு வால்டர் அகராதியும் ‘ஃபியூக் கலை’யும் சாட்சி, எண்ணுக்கு அந்த வலு கிடையாது.

பெயர் மட்டும் பாக்

கடைசியாக, பட்டியல்களிலும் கடைகளிலும் எதிர்ப்படும் நான்கு பெயர்கள். ‘ஜே.சி. பாக்’ பெயரில் வயோலா மாணவர்கள் வாசிக்கும் சி மைனர் கான்செர்ட்டோ, ஆன்ரி கசாதெசு என்ற பிரெஞ்சு வயோலா கலைஞர் இருபதாம் நூற்றாண்டில் எழுதியது. வாசிக்க நல்ல படைப்புதான். தேர்வு நிரலில் கசாதெசு பெயரைச் சேர்த்து எழுதுங்கள். ‘பி.டி.கியூ. பாக்’ என்று ஒரு மகன் இருந்ததில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் பீட்டர் ஷிக்கெலெ நகைச்சுவைக்காகப் படைத்த பாத்திரம். பழைய ஆங்கில நூல்களில் ‘பாக் டிரம்பெட்’ என்றால் செபாஸ்டியனின் உச்சச் சுரங்களை ஊதுவதற்காகச் செய்யப்பட்ட டிரம்பெட். கடையில் ‘பாக் டிரம்பெட்’, ‘பாக் 7சி மவுத்பீஸ்’ என்றால் அது ஒரு நிறுவனத்தின் பெயர். அதை நிறுவிய வின்சென்ட் பாக் ஆஸ்திரியாவில் 1890இல் ஷ்ரோட்டன்பாக் என்ற குடும்பப்பெயரோடு பிறந்தவர். அமெரிக்காவில் அதைச் சுருக்கிக்கொண்டார். உச்சச் சுரங்களுக்கான சிறிய கருவி வேண்டுமென்றால் கடையில் ‘பிக்கலோ டிரம்பெட்’ என்று கேளுங்கள்.